கட்டானாவா, ஆளுயர வாளா?

வணக்கம் சார்,

எல்டன் ரிங் வீடியோ கேமை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். சாமுராய் பாத்திரமாகத் தொடங்கினேன். யூடியூபில் பார்த்தால் கட்டானாவை (ஜப்பானிய வளைவாளை) விடாதே என்கிறார்கள். எனக்கோ ஆளுயர வாள்மேல்தான் ஆசை. அதை ஓங்கி முடிப்பதற்குள், முதல் பெரிய எதிரியான (பாஸ்) மார்கிட் உன்னை முடித்துவிடுவான் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். நான் மாற்றி மாற்றி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்கிறேன், எதுவும் நிலைக்கவில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது? கேடயம் வேண்டுமா?

(பெயர் வேண்டாம் என்றவர், கோவை)

அன்புள்ள நண்பருக்கு,

ஆசைப்பட்டதையே எடுங்கள். நீங்கள் நினைப்பதைவிடப் பக்கத்தில்தான் இருக்கிறது அது. வீப்பிங் பெனின்சுலா என்ற பகுதியில் தனியாக உட்கார்ந்திருக்கும் வியாபாரியிடம் 3,500 ரூனுக்கு (விளையாட்டின் பணம்) ஸ்வைஹேண்டர் என்ற ஆளுயர வாள் கிடைக்கும். அதற்கு பலம் 19, லாகவம் 11 வேண்டும். சாமுராய்க்கு ஆரம்பத்திலேயே பலம் 12, லாகவம் 15. ஒரு வாளை இரண்டு கையாலும் பிடித்தால் இந்த விளையாட்டு உங்கள் பலத்தை ஒன்றரை மடங்காகக் கணக்கிடும். ஆக, பலத்தில் ஒரே ஒரு லெவல் ஏற்றி 13 ஆக்கினால் போதும், வாளைத் தூக்கிவிடலாம். ஆனால் எடை 15.5. மொத்தச் சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் அடியிலிருந்து தப்ப உருள்வது மூட்டை உருளுவதுபோல ஆகிவிடும். கவசத்தில் ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். அழகு கொஞ்சம் போகும், பரவாயில்லை.

கட்டானா மட்டமான ஆயுதம் என்று சொல்ல வரவில்லை. அடிமேல் அடி விழுந்து ரத்தக்கசிவு அளவு நிரம்பியதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு பங்கு சட்டென்று போய்விடும். அதனால்தான் பெரிய பாஸ்களிடம் அதற்கு அவ்வளவு பேர். எலும்புக்கூடுகளிடம் இந்த வித்தை செல்லாது, ரத்தம் இருந்தால்தானே.

மார்கிட் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. அவன் தடியை ஓங்கிவிட்டு, நிறுத்தி, நீங்கள் பதறி உருண்டு எழும் நேரம் பார்த்து அடிப்பவன். பதறுகிறவர் கையில் எந்த ஆயுதம் இருந்தாலும் சாவுதான். கட்டானா இருந்தால் ‘இன்னும் ஒரு வெட்டு’ என்ற பேராசையும் சேர்ந்துகொள்ளும். பெரிய வாளில் அதற்கு இடமே இல்லை. ஓங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது என்பதால், ஓங்குவதற்கு முன்பே அவன் அடித்து முடித்துவிட்டானா என்று பார்த்தாக வேண்டும். வேகமான ஆயுதத்தில் அடித்துக்கொண்டே யோசிக்கலாம், கனமானதில் யோசித்துவிட்டுத்தான் அடிக்க முடியும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குதித்து ஓங்கி அடியுங்கள். அப்படிச் சில அடிகள் விழுந்தாலே அவன் நிலைகுலைந்து மண்டியிடுவான். அந்தச் சந்தோஷத்தைக் கட்டானா தராது. விளையாட்டு 2022 பிப்ரவரியில் வந்தபோது ஆளுயர வாள்கள் இன்னும் மந்தமாக இருந்தன. ஏப்ரலில் வந்த அப்டேட்டில் வேகத்தைக் கூட்டினார்கள். பழைய வீடியோக்களை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

மாற்றி மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை. விளையாட்டின் தொடக்கத்தில் வரும் எல்லே தேவாலயத்து மேசையில் ஆயுதத்தின் வலிமையை +3 வரை ஏற்ற 12 கற்களும் கொஞ்சம் ரூனும்தான் செலவு. ஆனால் +3 ஆக்காத ஆயுதத்தை வைத்து அந்த வகையையே எடைபோடாதீர்கள். அதற்கு மேல் கல் வீணாகும், அங்கே யோசியுங்கள். லெவல் புள்ளிகளைத் தப்பாகப் போட்டுவிட்டாலும் கவலையில்லை, ரெனாலா என்ற பாஸை வென்றபின் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றை அவளிடம் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். போட்ட கல் மட்டும் திரும்பாது.

அப்புறம் கேடயம். இரண்டு கையாலும் வாளைப் பிடித்தபின் அதற்குக் கை ஏது? வாளாலேயே தடுத்து, உடனே கனமான அடி கொடுத்தால் கார்டு கவுண்டர் (தடுத்தபின் எதிரடி) விழும். கொஞ்சம் உயிர் குறையும், தாங்கிக்கொள்ளலாம். கேடயத்தைக் கையிலிருந்து கழற்றிப் பைக்குள் போடுங்கள். பைக்குள் இருப்பது சுமையில் சேராது, சுமை இடம் கொடுத்தால் கழற்றிய கவசத்தைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.