ஒரு மாதம் முழுக்கக் கதைப்புத்தகம் மட்டும் வாசித்தால் என்ன கிடைக்கும்?

ஒரு மாதம் முழுக்க நாவலும் சிறுகதையும் மட்டும் வாசித்தவர்கள் இருக்கிறார்களா, அதனால் ஏதும் பிரயோசனம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வாசித்தேன். பிரயோசனம் என்று நீங்கள் நினைப்பது மார்க்ஸ், சம்பளம், இங்கிலிஸ் என்றால் ஒன்றும் கிடைக்காது, இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற ஆளாக இருக்க வேண்டும். வீட்டில் யாரோ "உந்தக் கதைப்புத்தகத்தை வைச்சிட்டு உருப்படியா ஒரு கோர்ஸ் செய்" என்று கத்தியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் மன்னிக்கவும், எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வேறு எப்படிப் பிறக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு யாழ்ப்பாணத்தில், சுன்னாகத்துப் பக்கம் ஹார்ட்வெயார் கடை. கார்த்திகை மழை பிடித்தால் கட்டட வேலை நின்றுவிடும், மேசன்மார் வரமாட்டார்கள், சீமெந்து மூட்டைகளை ஈரம் ஏறாமல் பலகைக்கு மேல் அடுக்கிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. போன மழைக்கு அப்படி இருந்த ஒரு மாதம்தான் இது. பேப்பரும் யூரியூப்பும் வேண்டாம், கதை மட்டும் என்று இருந்தேன். பெரிய விரதம் ஒன்றும் இல்லை, அரசியல் ஆய்வாளர்கள் கத்துவதைக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

புத்தகத்துக்குக் காசு கரைக்கவும் இல்லை. பாதி இரவல், பாதி 'நூலகம்' இணையத்தளம். 2005இல் தொடங்கியது, ஈழத்துப் புத்தகங்களை ஸ்கான் பண்ணி இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், தெரியாவிட்டால் போய்ப் பாருங்கள். ஃபோனில் வாசித்தால் கண் நோகும் என்பது உண்மைதான். ஆனால் அதில் ஒரு ருசி இருக்கிறது. பழைய சொந்தக்காரர் போட்ட கையெழுத்து, மை ஊறிய முத்திரை எல்லாம் அப்படியே தெரியும். ஒரு கதையில் கதாநாயகன் சீதனம் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில், ஓரத்தில் யாரோ பென்சிலால் 'பொய்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். அந்தக் கதையை விட அந்த ஆளோடுதான் எனக்குக் கதைக்க வேணும் போல இருந்தது.

மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்', 1914இல் வந்தது, அதை என்னை விட வேகமாக முடித்தது மனைவி. நடை பழையது, பிரசங்கமும் உண்டு, எனக்கு அலுத்தது. அவளுக்கு அலுக்கவில்லை. நான் கடையிலிருந்து வந்தால் சோற்றைப் போட்டுக்கொண்டே கதையில் வருகிற புருஷனைத் திட்டுவாள், பாதித் திட்டு எனக்கும் சேர்த்துத்தான். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவுக் கடற்கரையில் வாடி அடித்து மீன்பிடித் தொழில் செய்பவர்களின் கதை, 1978இல் படமாகவும் வந்தது. ஒரே இருப்பில் ஓடிவிடும்.

நான் சொல்ல வந்தது கே. டானியலின் 'பஞ்சமர்' பற்றி. முதலில் 1972இல் வந்த நாவல். ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்தைத் தேநீர்க்கடைக்குள் விடாதது, கோயிலுக்குள் விடாதது, அதற்கு எதிராக எழும்பின ஆட்கள், எல்லாம் எங்கள் யாழ்ப்பாணத்திலேயே நடந்ததுதான். 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தைப் பற்றி வயதானவர்களுக்குத் தெரியும், கேட்டால் மட்டும் கதையை மாற்றிவிடுவார்கள். அந்தப் புத்தகம் கடை மேசையில் கிடந்தது. ஆணி வாங்க வந்த பொடியன் "என்ன அண்ணை, சோதனைக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். பின்னேரம் எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் குழாய்ச் சாமான் வாங்க வந்தார். ஓய்வுபெற்றவர், நல்ல மனிசன், கடன் வைக்காத மனிசன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "உதெல்லாம் அந்தக் காலத்துக் கதை தம்பி, இப்ப ஆர் உதைப் பாக்கினம்?" என்றார். அப்புறம் காசை எண்ணிக்கொண்டே, பின்னால் பைப் வெட்டிக்கொண்டிருந்த எனது புதுப் பொடியனை நாடியால் காட்டிக் குரலைத் தாழ்த்தி, "பொடியன் எவடம்? ... ஓ, அங்க எந்தப் பக்கம்? கோயிலடியோ அங்காலயோ?" என்றார்.

பில்லை எழுதி நீட்டினேன். "ஐயா, எல்போ ரண்டும் அரை இஞ்சிதானே?"

உங்களுக்குக் கிடைக்கும் என்று நான் சொல்லக்கூடியது இதுதான். சாதியை அறியக் கேட்கிற அந்த 'எந்தப் பக்கம்?' என்ற கேள்வியை நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், வாசித்துக்கொண்டிருந்த மாதத்தில்தான் அது காதில் உறைத்தது. இதைப் படித்துவிட்டு ஊரைக் கேவலப்படுத்துகிறாய் என்று வரப்போகிறவர்களுக்கு: நான் இங்கேதான் பிறந்தேன், இங்கேதான் வரி கட்டுகிறேன், வெளிநாட்டிலிருந்து எழுதவில்லை. எல்லோரும் அப்படி என்றும் சொல்லவில்லை.

வெளிநாடு என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லைத்தான், பரவாயில்லை. எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலைக்கு வெளியிலிருந்து காசு வந்தது. பெயின்ற் அடித்தார்கள், மாபிள் பதித்தார்கள், உதவினவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். ஒரு புத்தகம் வாங்கவில்லை. இருக்கிற பழைய புத்தகங்களும் கண்ணாடி அலுமாரிக்குள், திறப்பு செயலாளரிடம், செயலாளர் கொழும்பில். யூன் மாதம் 1ஆம் திகதி வந்தால் இதே நிருவாக ஆட்கள்தான் 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் படத்தைப் போட்டு, 97,000 புத்தகம் போச்சே என்று முகநூலில் அழுவது. எரிந்ததற்கு அழத்தான் வேண்டும், நானும் அழுகிறேன். பூட்டி வைத்திருப்பதைக் கறையான் தின்பதற்கு யார் அழுவது? கூட்டத்தில் கேட்டேன். "ஆர் இப்ப வாசிக்கினம்?" என்றார்கள்.

சரி, தம்பியோ தங்கச்சியோ, தொடங்குவதென்றால் தடித்த புத்தகத்தில் தொடங்க வேண்டாம், சிறுகதைத் தொகுப்பு ஒன்றில் தொடங்குங்கள். பிடிக்காவிட்டால் நடுவில் மூடுங்கள், ஒருவரும் கேட்கப்போவதில்லை. சுன்னாகப் பக்கம் வந்தால் நானே இரவல் தருவேன். எல்லாவற்றுக்கும் சீமெந்துப் பேப்பரில் உறை போட்டிருக்கிறேன், உறையைக் கழற்றாமல் திருப்பித் தர வேண்டும்.