வாசகர் கேள்வி – பதில்: கோடியக்கரைச் சேற்றில் குளிர்காலப் பறவைகள்

வேதாரண்யம் சதுப்பு நிலத்துக்கு வரும் வலசைப் பறவைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இம்முறை பதில் தருகிறேன்.

கேள்வி: டிசம்பர் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் கோடியக்கரைக்குச் செல்ல எண்ணியுள்ளோம். பறவைகளைப் பார்க்க அது ஏற்ற காலம்தானா? எந்த நேரத்தில் செல்வது நல்லது? – தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஏற்ற காலம்தான். ஆனால் நீங்கள் காணப்போவதை அந்த ஆண்டின் மழைதான் முடிவு செய்யும். சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆகஸ்டு இறுதியிலிருந்தே இறங்கத் தொடங்கிவிடுகின்றன. வாத்தினங்கள், வடகிழக்குப் பருவமழையில் நீர்நிலைகள் நிறைந்த பிறகுதான் வரும். மழை மிகுந்த ஆண்டுகளில் டிசம்பர் மாதச் சதுப்பு நிலம் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடக்கும். நெடுங்காலுள்ள பூநாரைக்கு அதனால் தொல்லையில்லை. ஆனால் இரண்டு விரற்கடை உயரக் காலை வைத்துக்கொண்டு சேற்றைக் கிளறும் கொசு உள்ளானுக்கு அங்கே நின்று இரை தேட இடமே இராது. தை பிறந்து தண்ணீர் வடிய வடிய ஈரச் சேறு வெளிப்படும், கூட்டமும் பெருகும். ஆகவே, பயணத்தை ஜனவரி பிற்பகுதிக்கோ பிப்ரவரிக்கோ தள்ளிவைக்க முடியுமானால் அவ்வாறே செய்யுங்கள் என்பேன்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரையும், மாலை நான்கு மணிக்குப் பிறகும் நல்லது. வெயில் ஏறிவிட்டால் உப்பளப் பரப்பின் மேல் கானல் அலையாடும்; எவ்வளவு நல்ல தொலைநோக்கி இருந்தாலும் பறவையின் கால் நிறம்கூடத் தெரியாது. பாக் நீரிணையில் கடலின் ஏற்றவற்றம் மிகக் குறைவு என்பதால், பிற கடற்கரைகளில் செய்வதுபோல ஓதநேரத்தைக் கணக்கிட்டுப் போவதால் இங்கு அதிகப் பயனில்லை. இங்கே காற்றைத்தான் கவனிக்க வேண்டும். வாடை வலுத்து வீசும் நாட்களில் சதுப்பின் மெல்லிய நீர்ப்பரப்பு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு மறுபக்கத்தில் சேறு வெளிப்படும். முந்தைய நாள் வெறுமையாக இருந்த கரையில் மறுநாள் ஆயிரக்கணக்கான பறவைகள் மேய்வதை நான் கண்டிருக்கிறேன். சரணாலயத்துக்குள் செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கேள்வி: கரையோரம் நிற்கும் சிறு பறவைகள் எல்லாம் ஒரே பழுப்பு நிறமாகத் தெரிகின்றன. படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அலுத்துவிட்டது. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: நிறத்தை முதலில் பார்ப்பதால் வரும் குழப்பம் இது. இப்பறவைகள் தம் இனப்பெருக்கக் கால வண்ணத்தை உதிர்த்துவிட்டு, சாம்பலும் பழுப்பும் வெள்ளையுமான குளிர்கால இறகுடன்தான் நம்மிடம் வருகின்றன. எனவே முதலில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து, அது எப்படி இரை எடுக்கிறது என்பதைப் பத்து நிமிடம் பாருங்கள்.

சில அடி ஓடி, சட்டென்று நின்று, ஒரு முறை குனிந்து கொத்திவிட்டு மீண்டும் ஓடினால் அது உப்புக்கொத்தி. பெரிய கண்ணும் குட்டை மூக்கும் கொண்ட அது, பார்வையால் இரை தேடும் பறவை. ஓடுவதும் நிற்பதும் அதற்காகத்தான். தலை தூக்காமல் தையல் இயந்திரத்தின் ஊசியைப் போலச் சேற்றைக் குத்திக்கொண்டே நகர்ந்தால் அது உள்ளான். உள்ளான்களின் மூக்கு நுனியில் நுண்ணிய தொடு உணர்வு உண்டு; புதைந்திருக்கும் புழுவைக் கண்ணால் காணாமலே அவை கண்டுகொள்கின்றன. இந்த வேறுபாடு ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதன் பிறகு மூக்கின் நீளத்தையும் வளைவையும், காலின் நிறத்தையும் பாருங்கள். சிட்டுக்குருவி அளவில், கறுத்த காலும் குட்டையான நேர் மூக்குமாக இருந்தால் கொசு உள்ளான். அதைவிடச் சற்றுப் பெரிதாய், மூக்கு கீழ்நோக்கி மெல்ல வளைந்து, பறக்கும்போது வாலின் மேற்புறம் வெண்மையாகத் தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். ஆர்க்டிக் சைபீரியாவில் முட்டையிடும் பறவை அது. ஆரஞ்சு கலந்த சிவப்புக் காலோடு, ஆள் அரவம் கேட்டதும் முதலில் கூச்சலிட்டு மற்றவற்றையும் கிளப்பிவிடுவது பவளக்காலி. அது எழும்பும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். பவளக்காலியை அறிந்துகொண்டால் அதற்கு அருகில் நிற்கும் பறவைகளின் அளவை ஒப்பிட ஓர் அளவுகோலும் கிடைத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கோட்டான். (இரவில் அலறும் ஆந்தையைச் சொல்லவில்லை, நீண்டு வளைந்த மூக்கையுடைய கரைப்பறவைக்கும் தமிழில் அதே பெயர்.) அது நண்டு வளைக்குள் மூக்கை ஏறக்குறைய முழுவதும் நுழைத்து நண்டை வெளியே இழுத்து, ஒரு காலைப் பிடித்து உதறும். கால் கழன்று நண்டு கீழே விழும். மறுபடி எடுத்து, மறுபடி உதறி, கால்களைக் களைந்த பிறகே விழுங்கும். பெட்டைக்கு மூக்கு ஆணைவிட நீளம். ஒரே சேற்றுத் திட்டில் கோட்டானும், நீண்ட மூக்குடைய இன்னொரு கரைப்பறவையான மூக்கானும், உள்ளானும் சண்டையின்றி மேய முடிவது இதனால்தான்: ஒவ்வொன்றின் மூக்கும் ஒவ்வோர் ஆழத்துக்கு எட்டுகிறது.

கேள்வி: பூநாரைகளைப் படம் எடுக்க நண்பர்களுடன் சேற்றில் இறங்கிச் சென்றோம். நெருங்குமுன் கூட்டம் முழுவதும் பறந்துவிட்டது. அருகில் செல்ல ஏதேனும் வழி உண்டா? – திருவாரூர் வாசகர்

பதில்: வழி உண்டு, ஆனால் அது நீங்கள் கேட்கும் வழியன்று. பறவையை நோக்கி நாம் செல்லாமல், நாம் இருக்கும் இடத்துக்கு அது வரும்வரை காத்திருப்பதே அந்த வழி. கரை மீது, வானத்தின் பின்னணியில் உங்கள் உருவம் தெரியாதபடி தாழ்ந்து உட்காருங்கள். வெளிர் நிற உடையும் உரத்த பேச்சும் வேண்டாம். அரை மணி நேரத்தில் பறவைகள் உங்களை மறந்துவிடும்.

பூநாரை தலையைக் கவிழ்த்து, மூக்கின் மேற்பகுதி கீழாக இருக்கும்படி நீரில் வைத்து, நாக்கை இயக்கி நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகிறது. மூக்கின் ஓரங்களிலுள்ள சீப்புப் போன்ற தகடுகளில் சிறு உயிரிகளும் பாசியும் தங்கிவிடுகின்றன. இப்படிச் சல்லடையில் சலித்து ஒரு நாள் உணவைச் சேர்க்க எத்தனை மணி நேரம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். எழும்புவதற்கோ அது நீரின் மேல் பல அடி ஓடியாக வேண்டும். நாம் ஒரு முறை விரட்டினால், அது சேர்த்ததில் ஒரு பங்கு வீணாகிறது. உள்ளான்களின் நிலை இன்னும் கடினம். மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை இச்சேற்றில்தான் அவை சேர்த்துக்கொள்கின்றன. பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அதற்கு மேல் ஓரடியும் வைக்க வேண்டாம் என்பது நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்வது.

அவை தாமாக நகர்ந்து சென்ற பின் ஆழமற்ற சேற்றைக் கரையிலிருந்தே பாருங்கள். காலால் மிதித்துக் கலக்கியபடி சுற்றி வந்து மேய்ந்த இடங்களில் வட்ட வட்டமான பள்ளங்கள் பதிந்திருக்கும். கூட்டத்தில் சாம்பல் பழுப்பாக இருப்பவை வேறு இனமல்ல, இளம் பறவைகள். உணவிலிருந்து பெறும் நிறமி உடலில் சேர்ந்து இளஞ்சிவப்பாக அவற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: கரண்டி போன்ற மூக்குடைய சிறிய உள்ளான் ஒன்றைக் கண்டதாக நினைக்கிறேன். அது அரிய பறவை என்கிறார்களே? – வேதாரண்யம் வாசகர்

பதில்: கரண்டிமூக்கு உள்ளான் உலகிலேயே மிக அருகிவிட்ட கரைப்பறவைகளுள் ஒன்று. ரஷ்யாவின் வடகிழக்குக் கடலோரத்தில் மட்டுமே இனப்பெருக்கம் செய்யும் அது முற்காலத்தில் கோடியக்கரையிலும் பதிவாகியிருக்கிறது. எனவே உங்கள் நம்பிக்கையை நான் கெடுக்கமாட்டேன். ஆனால் கொசு உள்ளானின் மூக்கு நுனியில் சேற்று உருண்டை ஒட்டிக்கொண்டாலும் அப்படியே தெரியும். பறவை நீரில் மூக்கை அலசும்வரை காத்திருந்து, நேர் முன்னிருந்து பார்த்தீர்களா? பக்கவாட்டில் அந்த அகலம் தெரியாது. படம் இருந்தால் அனுப்புங்கள். மிகுந்த ஆவலுடன் எதிர்பார்க்கிறேன். ஒரு கரண்டியைப் போலவே பெரிய தட்டை மூக்கும், கொக்கைவிடப் பெரிய வெண்ணிற உடலும் கொண்டது கரண்டிவாயன் என்னும் வேறு பறவை.

கேள்வி: காலில் வளையத்துடன் ஒரு பறவை இறந்து கிடந்தது. என்ன செய்ய வேண்டும்? – முத்துப்பேட்டை வாசகர்

பதில்: வளையத்திலுள்ள எண்ணையும் எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுத்து, நாள், இடம் ஆகியவற்றுடன் வளையத்தில் குறித்துள்ள நிறுவனத்துக்கு அனுப்புங்கள். நம் நாட்டில் இடப்பட்டதானால் பெரும்பாலும் மும்பையிலுள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வளையமாக இருக்கும். கோடியக்கரையில் அவர்கள் பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். இறந்த பறவையை வெறும் கையால் தொடாதீர்கள். உயிருள்ள பறவையின் காலில் வளையத்தைக் கண்டால், எண்ணைப் படிப்பதற்காக அதைப் பிடிக்க முயலவும் கூடாது.

கணக்கெடுப்பில் சேர வழி உண்டா என்றும் அதே கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெறுகிறது; தன்னார்வலர்களுக்கு அதில் இடமுண்டு. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-இல் சேர்க்கப்பட்ட இந்தச் சதுப்பின் ஓரத்திலேயே வாழும் உங்களைப் போன்றவர்கள், ஒரே கரையில் நின்று ஆண்டுதோறும் எண்ணிப் பதிவு செய்தால், ஒரு நாள் வந்து போகும் எங்களால் தர முடியாத தகவல் அதில் கிடைக்கும். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கரை எது என்று எழுதுங்கள். எந்தெந்தப் பறவைகளை அங்கே முதலில் எண்ணத் தொடங்கலாம் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.