எதை டெஸ்ட் பண்ணாங்கன்னு முதல்ல கேளுங்க

ஆட்டிசம் இருக்கற குழந்தைங்களுக்குன்னு விக்கற மூலிகை சப்ளிமெண்ட் பத்தி ஒரே நேரத்துல நிறைய கடிதம் வந்திருக்கு, அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன். கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: நாலு வயசுப் பையனுக்கு ஒரு மூலிகைப் பவுடர் பாத்து வச்சிருக்கேன். பாக்கெட்ல "லேப்ல டெஸ்ட் செய்யப்பட்டது"ன்னு இருக்கு. கேட்டதும் ரிப்போர்ட்டும் அனுப்பிட்டாங்க. நம்பி வாங்கலாமா?

பதில்: நீங்க அனுப்பின ரிப்போர்ட்டைப் பாத்தேன். ஈயம், ஆர்சனிக், பாதரசம், காட்மியம் எவ்வளவு இருக்கு, பாக்டீரியா பூஞ்சை ஏதாவது இருக்கான்னு பாத்திருக்காங்க. அது அவசியமான டெஸ்ட்தான். ஆனா அந்தக் காகிதம் பவுடர் சுத்தமா இருக்கான்னு மட்டும்தான் சொல்லுது, பையனுக்குப் பலன் தருமாங்கறதப் பத்தி அதுல ஒரு வரி கூட இல்ல. அதுக்குக் குழந்தைங்களை வச்சு முறையாப் பண்ணின ஆய்வு வேணும், இருக்கான்னு கேளுங்க. அப்புறம் இன்னொண்ணு, ரிப்போர்ட்ல இருக்கற பேட்ச் நம்பர் வேற, உங்க பாக்கெட் போட்டோல இருக்கற நம்பர் வேற. அதையும் கேளுங்க.

கேள்வி: செடியில இருந்து எடுத்ததுதானே, சைடு எஃபெக்ட் வராதுல்ல?

பதில்: அரளியும் செடிதாங்க.

கேள்வி: எங்க பொண்ணை "டிரையல்ல சேத்துக்கறோம்"னு ஒரு கம்பெனி சொன்னாங்க. ஆறு மாசத்துக்கு மருந்துக்கான காசை முதல்லயே கட்டச் சொன்னாங்க. எல்லாக் குழந்தைக்கும் அதே மருந்துதான். மாசாமாசம் ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தோம். முதல் ரெண்டு மாசம் நல்ல மாற்றம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அப்புறம் பழையபடிதான். இப்போ எங்க ஃபார்மைக் காட்டித்தான் "ஆய்வில் நிரூபணம்"னு விளம்பரம் பண்றாங்க. நாங்க ஏமாந்துட்டோமா?

பதில்: ஆமாங்க, ஏமாத்திட்டாங்க. தப்பு உங்களோடது இல்ல, முதல்ல அதை மனசுல வச்சுக்கோங்க.

இந்த "டிரையல்"ங்கற வார்த்தையை இப்படி வியாபாரத்துக்கு இழுக்கறதப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்லிடறேன். முறையான டிரையல்னா ஒரு எத்திக்ஸ் கமிட்டி அதைப் பாத்து அனுமதி கொடுத்திருக்கணும், ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பொதுப் பதிவேட்டுல பதிஞ்சிருக்கணும், என்ன ஆபத்து வரலாம்னு எழுத்துல சொல்லி உங்க சம்மதம் வாங்கணும், எப்போ வேணா விலகிக்கலாம்னு சொல்லணும். சோதிச்சுப் பாக்கற மருந்துக்கு உங்ககிட்ட காசு வாங்கினா அது விற்பனை, அவ்வளவுதான். எல்லாத்துக்கும் மேல, பாதிக் குழந்தைங்களுக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறம் அதே ருசியில மருந்தே இல்லாத ஒண்ணு, யாருக்கு எதுன்னு அப்பா அம்மாவுக்கும் தெரியாது டாக்டருக்கும் தெரியாது, அப்படிப் பண்ணணும்.

ஏன் இவ்வளவு தூரம்னா, 1999ல செக்ரெட்டின்ங்கற ஹார்மோன் ஊசியை 60 குழந்தைங்கள வச்சு சோதிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் மூணே மூணு குழந்தைங்களைப் பத்தி வந்த ஒரு ரிப்போர்ட்டைப் பாத்துட்டு உலகம் பூரா பெற்றோர் அந்த ஊசிக்கு அலைஞ்ச நேரம் அது. பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. ரெண்டு குரூப்லயும் முன்னேற்றம் தெரிஞ்சுச்சு, ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல. அதாவது குழந்தை தானா வளர்றதும், நாம ஆசையோட உத்துப் பாக்கறதும் சேந்தே அவ்வளவு மாற்றத்தைக் காட்டிடுது. ரிசல்டைச் சொன்ன அப்புறமும் அந்தப் பெற்றோர்ல 69 சதவீதம் பேர் அந்த மருந்துல ஆர்வம் இருக்குன்னுதான் சொன்னாங்க. அவங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். அந்த ஆசையை வச்சுக் காசு பண்றவங்களைத்தான் சொல்றேன்.

செடியில இருந்து எடுத்ததையும் நேர்மையா சோதிச்சவங்க இருக்காங்க. ப்ராக்கோலி முளையில இருந்து கிடைக்கற சல்ஃபொராஃபேனை அமெரிக்காவுல 13ல இருந்து 27 வயசு வரைக்கும் உள்ள 44 ஆண்களை வச்சு 18 வாரம் சோதிச்சுப் பாத்து 2014ல ரிசல்ட் போட்டாங்க, மருந்து எடுத்தவங்க நடவடிக்கைல நல்ல மாற்றம், நிறுத்தினதும் பழைய நிலைமைக்குத் திரும்ப ஆரம்பிச்சுது. அப்புறம் 3ல இருந்து 12 வயசுக் குழந்தைங்க 57 பேர வச்சுப் பண்ணி 2021ல வந்த ஆய்வுல, முக்கியமா எதை அளக்கறோம்னு முன்கூட்டியே சொன்னாங்களோ அந்த அளவுகோல்ல தெளிவான வித்தியாசம் வரல. அதையும் மறைக்காம வெளியிட்டாங்க.

உங்க கிட்ட இருக்கற ரசீது, அவங்க அனுப்பின மெசேஜ், நீங்க நிரப்பின ஃபார்மோட காப்பி எல்லாத்தையும் சேத்து நுகர்வோர் புகாராக் கொடுங்க. பொண்ணோட தகவலை விளம்பரத்துல பயன்படுத்தக் கூடாதுன்னு எழுத்துல தனியா அனுப்புங்க.

கேள்வி: "ஆட்டிசத்தை முழுசா குணமாக்கும்"னு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க.

கேள்வி: வீடியோல பாத்து, ஆஃபர் முடியப்போகுதுன்னு 12 பாட்டில் ஒரேயடியா வாங்கிட்டேன். லேபிள்ல "சிறப்புக் கலவை"ன்னு மட்டும் இருக்கு, எது எவ்வளவுன்னு இல்ல, மிளகுச் சாறு இருக்குன்னு மட்டும் தெரியுது. பையன் வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுத்துக்கறான். டாக்டர்கிட்ட சொல்லல, திட்டுவார்னு பயம். தொடரலாமா?

பதில்: டாக்டர் திட்டட்டும், பரவால்ல. மிளகுல இருக்கற பைப்பரின் ரத்தத்துல ஃபெனிட்டாயின் அளவை ஏத்திடும், அது ரொம்ப நாளாத் தெரிஞ்ச விஷயம். மேல சொன்ன 2014 ஆய்வுல கூட, ஏற்கெனவே வலிப்பு வந்திருந்த ரெண்டு பேருக்கு மறுபடி வந்துச்சு, அந்த மருந்தாலதானான்னு உறுதியாகல, ஆனா எழுதி வச்சாங்க. டாக்டர் மேற்பார்வைல நடந்த ஆய்வுலயே அப்படின்னா நீங்க என்ன இருக்குன்னே தெரியாத ஒண்ணை யார்கிட்டயும் சொல்லாம கொடுத்துட்டு இருக்கீங்க. இன்னைக்கே பாட்டிலை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க. வலிப்பு மருந்தை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. பிரிக்காத பாட்டிலைத் திருப்பி எடுத்துக்குவாங்களான்னு அப்புறம் பாக்கலாம்.

கேள்வி: டாக்டர் ஓகே சொல்லிட்டார். வீட்டுல பலன் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பதில்: இப்படிக் கேட்டதுக்கே உங்களுக்கு நன்றி. எங்க அக்கா பையனுக்கு நான் இதைச் செய்யாம விட்டேன். நான்தான் ஒரு மூலிகை சிரப் வாங்கிக் கொடுத்தேன், அதே மாசம்தான் அவனுக்குப் புது ஸ்பீச் தெரபிஸ்ட் வந்திருந்தாங்க, பையன் ரெண்டு ரெண்டு வார்த்தையாச் சேத்துப் பேச ஆரம்பிச்சான், நாங்க எல்லாரும் சிரப்தான்னு முடிவு பண்ணிட்டோம். அந்தச் செலவைச் சமாளிக்க தெரபியைப் பாதியாக் குறைச்சோம். பேச்சு அப்படியே நின்னு போச்சு. புரிஞ்சு திரும்பத் தெரபியை முழுசா ஆரம்பிக்கறதுக்குள்ள ஒரு வருஷம் போயிடுச்சு, அந்த வருஷம் எனக்கு இன்னமும் வலிக்குது.

அதனால ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. சாப்பாடு, தெரபி, ஸ்கூல் எதையும் அப்போ மாத்தாதீங்க. எதைப் பாக்கப் போறீங்கன்னு முன்னாடியே எழுதுங்க, "நல்லா இருக்கான்"னு எழுதாதீங்க, ராத்திரி எத்தனை தடவை எழுந்தான், பேர் சொல்லிக் கூப்பிட்டா எத்தனை தடவை திரும்பினான்னு எண்ணுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் எண்ணி வச்சுக்கோங்க. டீச்சர்கிட்ட மருந்து கொடுக்கறதைச் சொல்லாம பையன் எப்படி இருக்கான்னு மட்டும் கேளுங்க, அலர்ஜி மாதிரி அவங்க கவனிக்க வேண்டியது இருந்தா மட்டும் சொல்லிடுங்க. டாக்டர் சொன்ன நாள் முடிஞ்சதும் நிறுத்திட்டு மறுபடி எண்ணுங்க. எண்ணிக்கை மாறலைன்னா அந்தக் காசைத் தெரபிக்குக் கொடுங்க.

கேள்வி: குடிச்ச மூணாவது நாள் உடம்பு பூரா தடிப்பு. கேட்டா "விஷம் வெளியேறுது, டோஸைக் கூட்டுங்க"ங்கறாங்க.

பதில்: கூட்டாதீங்க, உடனே நிறுத்துங்க, இன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. மூச்சு வாங்கினாலோ உதடு வீங்கினாலோ காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போங்க. கோவத்துல பாட்டிலைத் தூக்கிப் போட்டுறாதீங்க, மீதி மருந்தும் லேபிளும் பேட்ச் நம்பரும் வேணும். தடிப்பை வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, அவங்க டோஸைக் கூட்டச் சொன்ன மெசேஜையும் அழிச்சிடாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லி மருந்துப் பாதுகாப்பு அதிகாரிங்களுக்கும் ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்க.