மலையில் ஓட்ட டீசலா, பெட்ரோலா, மின்சாரமா?

கேள்வி: வீடு கோத்தகிரியில். பள்ளி, மார்க்கெட், தேயிலைத் தோட்டம் என்று தினமும் எட்டு கிலோமீட்டர்தான் ஓட்டம். மாதம் ஒருமுறை கோவை. "மலைக்கு டீசல்தான் இழுக்கும்" என்கிறார்களே, புது டீசல் கார் எடுக்கலாமா?

பதில்: இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு ஒத்து வராது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் கார்களில், புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உண்டு. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்தாக வேண்டும். அதற்கு இன்ஜின் நன்றாகச் சூடேறி, கால் மணி நேரமாவது நிற்காமல் ஓட வேண்டும். எட்டு கிலோமீட்டரை மூன்று துண்டாக ஓட்டினால் சூடேறும் முன்பே வண்டியை அணைத்துவிடுவீர்கள். எரிப்பு பாதியில் நிற்கும் போதெல்லாம், அதற்காகத் தெளித்த கூடுதல் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறிக்கொண்டே போனால் "என் வண்டி ஆயிலே குடிக்காது" என்று பெருமைப்பட வேண்டாம். அது டீசல் கலந்த ஆயில்.

கோவை போகும்போது ஃபில்டர் சுத்தமாகிவிடுமே என்றால், இறக்கத்தில் ஆகாது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இறங்குவதால் புகை ஆறிவிடும். திரும்பி ஏறும்போதுதான் எரியும். மாதம் ஒருமுறை அது போதாது.

டர்போ (காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) உள்ள பெட்ரோல் கார் எடுங்கள். டர்போ இல்லாத இன்ஜின் 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கோத்தகிரி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு நெருங்கிவிடும். சிஎன்ஜியில் அதற்கு மேலும் பத்து சதவீதம் போகும், டிக்கியையும் கேஸ் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: ஊட்டியில் பழைய கார்புரேட்டர் பைக் ஓட்டுகிறேன். பிரீமியம் பெட்ரோல் போட்டால் ஏற்றத்தில் பிக்கப் கூடுமா?

பதில்: கூடாது. பிரீமியத்தில் ஆக்டேன் அதிகம்தான். ஆனால் ஆக்டேன் என்பது பெட்ரோலின் பலம் அல்ல. அமுக்கும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறன். மலையில் காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைவு. அதனால் இன்ஜினுக்கு ஆக்டேன் தேவை சமவெளியைவிடக் குறையவே செய்யும். அந்தக் காசை மெக்கானிக்கிடம் கொடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காப்பி நிறத்தில் இருந்தால் சரி. கரி படிந்து கறுத்திருந்தால் காற்றுக்கு மிஞ்சிப் பெட்ரோல் போகிறது. முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்து, அப்படியும் கறுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: குன்னூருக்கு எலக்ட்ரிக் கார் சரிப்படுமா?

பதில்: வீட்டில் சார்ஜ் போட வசதி இருந்தால் தாராளமாக. ஒன்றரை டன் கார் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏற, வழக்கமான செலவுக்கு மேல் 6-7 யூனிட் பிடிக்கும். அதில் நல்ல பங்கு இறங்கும்போது பேட்டரிக்குத் திரும்பிவிடும். கீழே போகிற நாளில் மட்டும் 100 சதவீதம் வரை சார்ஜ் ஏற்றாதீர்கள். நிறைந்த பேட்டரியில் அந்த மின்சாரம் ஏற இடமிருக்காது. ரீஜென் பிரேக் (வேகத்தைக் குறைத்து அதை மின்சாரமாக்கும் பிரேக்) பிடிக்காமல், கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையும் பிரேக் பேடுக்குப் போகும். 85 சதவீதத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.