சுவிஸ்காரர்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ஐயா, ஐன்ஸ்டைன் சுவிஸ்காரரா, ஜெர்மன்காரரா?

பதில்: பிறந்தது ஜெர்மனியின் உல்ம் நகரில். 1901-இல் சுவிஸ் குடியுரிமை வாங்கினார், சாகும்வரை அதை விடவில்லை. 1905-இல் சிறப்புச் சார்பியல் கட்டுரை வெளியானபோது பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் அவருக்கு வேலை. இரண்டு நாட்டாரும் உரிமை கொண்டாடட்டுமே!

கேள்வி: செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்டவர் ஏழையாகச் செத்தாராமே?

பதில்: ஆன்றி துனானைச் சொல்கிறீர்கள். ஜெனீவாவில் வியாபாரி. தொழில் விஷயமாகப் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைப் பார்க்கப் போன இடத்தில், 1859 ஜூனில், இத்தாலியின் சோல்ஃபெரினோவில் போர் முடிந்த கோலத்தைக் கண்டார். ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தப் படை என்று பாராமல் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1863-இல் சங்கம் பிறந்தது. 1867-இல் இவர் திவால், ஜெனீவா ஒதுக்கிவைத்தது. கடைசி 18 வருடம் ஹைடன் என்ற சிற்றூர் மருத்துவமனையில்தான் கழிந்தது. அங்கிருக்கும்போதுதான் 1901-இல் முதல் அமைதி நோபல் பரிசு, பாஸி என்ற பிரெஞ்சுக்காரரோடு பாதிப்பாதி. தன் உயிலில் அந்த மருத்துவமனையில் ஏழைகளுக்கு ஒரு இலவசப் படுக்கைக்கு வழி செய்துவிட்டுப் போனார்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்தவர் யார்?

பதில்: ஒருவர் இல்லை, ஒரு குடும்பம்: பிக்கார். தாத்தா ஓகுஸ்த் 1931-இல் காற்றுப் புகாத உலோகக் கூண்டுக்குள் உட்கார்ந்து பலூனில் 15,781 மீட்டர் உயரம் போனார். அப்புறம் அதே யோசனையைத் தலைகீழாக்கினார். பலூனில் வாயு செய்யும் வேலையைக் கடலுக்குள் பெட்ரோல் செய்யட்டும். அது தண்ணீரைவிட லேசுதானே? மூழ்குவதற்கு இரும்புக் குண்டுகளின் பாரம். அவற்றை உதிர்த்தால் மேலே வந்துவிடலாம். அப்படி உருவான திரியெஸ்த் கலத்தில் மகன் ஜாக், அமெரிக்கக் கடற்படையின் டான் வால்ஷோடு, 1960-இல் பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியின் அடிவரை, கிட்டத்தட்ட 11 கி.மீ. இறங்கினார். பேரன் பெர்ட்ராண்ட் 1999-இல் பலூனில் எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றினார். அவருடைய சூரியசக்தி விமானம் 2015-இல் அகமதாபாத்திலும் வாரணாசியிலும்கூட இறங்கியது.

கேள்வி: பெண்களே இல்லையா?

பதில்: எமிலி கெம்பின்-ஸ்பைரி. 1887-இல் சூரிச்சில் சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஆனால் ஓட்டுரிமை இல்லாதவர் வழக்காட முடியாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த ஓட்டுரிமை நாடு முழுமைக்குமான தேர்தல்களில் பெண்களுக்குக் கிடைத்தது எப்போது தெரியுமா? 1971!

கேள்வி: ஃபெடரரை விட்டுவிட்டீர்களே, சார்?

பதில்: சரி, சரி. 20 கிராண்ட்ஸ்லாம், அதில் விம்பிள்டன் மட்டும் 8. பாசல் நகர டென்னிஸ் போட்டியில் பந்து பொறுக்கிக் கொடுத்த பையன், அதே போட்டியைப் பிற்பாடு 10 முறை வென்றார். ஆடிய காலத்தில், அங்கே போட்டி முடிந்ததும் பந்து எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பீட்சா சாப்பிடுவது அவர் வழக்கமாக இருந்தது.