அப்பா ஏன் போரைப் பற்றிப் பேசுவதே இல்லை?

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவராக இருந்தவர். 1971 போரின்போது பதான்கோட்டில் வேலை. ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தபிறகு அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. காலேஜில் படிக்கும் என் மகன் மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே, "எத்தனை பிளேனைச் சுட்டீங்க தாத்தா?" என்று கேட்டான். எழுந்து போய்விட்டார். இப்போதெல்லாம் ராத்திரியில் திடுக்கிட்டு விழிக்கிறார். எப்படிப் பேச வைப்பது?
– மதுரை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

தாத்தா விமானம் ஓட்டியவர் இல்லை என்பதை முதலில் பேரனுக்குச் சொல்லுங்கள். விமானம் பத்திரமாகப் பறந்து பத்திரமாக இறங்கவேண்டுமே என்று தரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர். 1971 டிசம்பர் 3 சாயங்காலம் பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தில் குண்டு போட்டபோது அங்கே இருந்திருந்தால், அவர் மனசில் எண்ணிக்கையா இருக்கும்?

இரண்டாம் உலகப்போர் விமானிகள் இரண்டு பேரின் கதையைச் சொல்கிறேன். 1943 டிசம்பர் 20. ஜெர்மனியின் பிரெமன் நகரத்தில் குண்டு வீசிவிட்டு ஒரு அமெரிக்க பி-17 விமானம் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூக்குப்பகுதி உடைந்து உள்ளே பனிக்காற்று அடிக்கிறது. வாலில் இருந்த துப்பாக்கி வீரர் செத்துப்போயிருந்தார், மற்றவர்களில் பலருக்குக் காயம். ஓட்டிய சார்லி பிரவுனுக்கு வயது 21. பக்கத்தில் ஒரு ஜெர்மன் போர் விமானம் வந்து ஒட்டிக்கொண்டது. அதில் இருந்தவர் ஃபிரான்ஸ் ஸ்டிக்லர். ஒரு தட்டு தட்டினால் போதும், பி-17 விழுந்துவிடும். ஆனால் ஓட்டை வழியாக உள்ளே பார்க்கிறார்: அடிபட்டவர்களை அடிபட்டவர்களே தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். சுடவில்லை. கடல் வரை கூடவே வந்து, ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

வெளியே தெரிந்தால் ஸ்டிக்லரின் தலை போயிருக்கும். பிரவுனிடம் அவருடைய மேலதிகாரிகள், இதை யாரிடமும் சொல்லாதே என்றார்கள். போர் முடிந்து ஸ்டிக்லர் கனடாவுக்குக் குடிபோனார். பிரவுன் விமானப்படை, வெளியுறவுத் துறை என்று வேலை பார்த்து ஓய்வுபெற்று மயாமியில் குடியேறினார். அப்புறம்தான் அவருக்குக் கெட்ட கனவுகள் வர ஆரம்பித்தன. வேலை இருக்கும்வரை ஓரமாகக் கிடந்தது, கை சும்மா இருக்கும்போது எழுந்து வருகிறது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி இருக்கலாம்.

பிரவுன் மனசு திறந்தது வீட்டில் இல்லை. 1986-இல் பழைய விமானிகள் கூடிய ஒரு இடத்தில், மறக்கமுடியாத சம்பவம் ஏதாவது உண்டா என்று பேச்சு வந்தபோதுதான் இது வெளியே வந்தது. பிறகு நாலு வருஷம் அந்த ஜெர்மன்காரரைத் தேடினார். விமானிகள் சங்கப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பார்த்துவிட்டு, 1990-இல் ஸ்டிக்லர் "அது நான்தான்" என்று பதில் போட்டார். போனில் பேசும்போது, பிரவுன் எடுத்துக்கொடுக்காமலே அந்த சல்யூட்டை ஸ்டிக்லர் சொன்னார். பிறகு சேர்ந்து மீன் பிடிக்கப் போகிற அளவுக்குச் சிநேகம். போரில் தம் சகோதரனைப் பறிகொடுத்திருந்த ஸ்டிக்லர், பிரவுனுக்குக் கொடுத்த புத்தகத்தில், நீ எனக்கு என் சகோதரன் மாதிரி என்று எழுதிக்கொடுத்தார். 2008-இல் சில மாத இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

ஆகவே, அவரைப் பேச வைக்கும் வேலை உங்களுடையது இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே இருந்த இன்னொருவரால்தான் அது முடியும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்; உங்கள் பக்கத்திலேயே விமானப்படைக்காரர் யாராவது இருப்பார். பழைய போட்டோக்களின் பின்பக்கம் புரட்டிப் பாருங்கள், கூட வேலை பார்த்தவர்கள் பெயர் இருக்கும். தூக்கப் பிரச்சினையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் கார்டு இருந்தால் அவர்களுடைய பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். இதற்கு வயது ஒரு தடை இல்லை.

யாராவது தேடி வந்தால் காபி வைத்துக் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். பேரனையும் அவன் மொபைலையும் கூட்டிக்கொண்டு.