காசநோய் மாத்திரையோடு கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 58. நுரையீரல் காசநோய்க்காக ஒரு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் கெடாமல் இருக்கக் கீழாநெல்லிச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கலாமா?

பதில்: சிறுநீரின் நிறத்தைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். வியர்வையிலும் கண்ணீரிலும்கூடத் தெரியும். காமாலையா என்ற ஐயம் வந்தால், பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளை விழி மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனாலும் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றும் சிலருக்குக் கல்லீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியவை. கீழாநெல்லிச் சாரம் கல்லீரலைக் காத்ததாக வரும் செய்திகளில் பெரும்பாலானவை எலிகளுக்கு அளந்து கொடுத்துப் பார்த்த சோதனைகள். வீட்டில் இடித்துப் பிழியும் சாற்றில் எது எவ்வளவு இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் வெளியிட்ட, பலரும் இன்றும் எடுத்துக்காட்டும் ஆய்வு, ஹெபடைடிஸ் பி கிருமியைப் பற்றியதே தவிர மருந்தால் வரும் பாதிப்பைப் பற்றியதன்று. அதன் முடிவும் பிற்பாடு வேறிடங்களில் நடந்த ஆய்வுகளில் உறுதிப்படவில்லை.

மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்றும் எண்ண வேண்டாம். கொரோனா காலத்தில் சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆடுதீண்டாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்க வல்லது. எனக்குப் பெரிய கவலை வேறொன்று: மாத்திரையோடு சாறும் உள்ளே போகும்போது கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்ந்தால், காரணம் எது என்று பிரித்தறிய முடியாமல், தேவையான காசநோய் மருந்தையே நிறுத்த நேரிடும். ஆகவே சிகிச்சை முடியும்வரை சாறு வேண்டாம். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

நெருஞ்சில் கஷாயம் மருந்தின் பாதிப்பிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் என்பதற்கும் தக்க சான்று இல்லை. சிறுநீரகத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வலி மாத்திரையைத் தவிர்ப்பதே. பைரசினமைடு இரத்தத்தில் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதால் மூட்டுவலி வரலாம். அப்போது கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையை எப்போதெல்லாம் செய்ய வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பசி அடியோடு போவது, ஓயாத குமட்டல், வாந்தி, வலப்பக்க மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.